லம்போர்கினி கவுன்டாஷ் எல்பி400: வெளித்தோற்றமும் உள்ளறையும்

மார்செல்லோ காந்தினி இத்தாலிய கார் வடிவமைப்பு நிறுவனமான பெர்டோனேயில் இருந்தபோது வரைந்த கார்களுள் லம்போர்கினி கவுன்டாஷையே நான் முதலிடத்தில் வைப்பேன். அதிலும் 1974 முதல் 1978 வரை தயாரான எல்பி400 என்ற முதல் வடிவத்தில்தான் அவர் எண்ணம் கலப்பின்றித் தெரிகிறது. சுவரொட்டிகளில் பலரும் பார்த்துப் பழகிய, பின்னால் இறக்கை பூட்டிய அகன்ற கவுன்டாஷ் அதற்குப் பிறகு வந்தது.

இந்தக் காரின் உயரம் 1.07 மீட்டர் மட்டுமே. மூக்கு நுனியில் கிளம்பும் கோடு, முகப்புக் கண்ணாடி வழியாகக் கூரை வரை ஏறக்குறைய முறியாமல் ஏறிச் செல்கிறது. லம்போர்கினியின் முந்தைய காரான மியூராவில் குறுக்காகக் கிடந்த வி12 (பன்னிரண்டு உருளை) இயந்திரத்தை இதில் நீளவாக்கில் திருப்பி, கியர்பெட்டியை அதற்கு முன்னால், இரு இருக்கைகளுக்கும் நடுவே கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் பயணிகள் அறை முன்னுக்குத் தள்ளப்பட, ஆப்பு போன்ற இந்த வடிவம் இயல்பாகவே அமைந்தது.

பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் பின்சக்கர வளைவைக் கவனிக்க வேண்டும்; அது வட்டமாக இல்லாமல், மேல்விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், நிற்கும் காரே முன்னோக்கிப் பாய்வதாகத் தோன்றுகிறது. 1971இல் ஜெனீவா கார் கண்காட்சியில் காட்டிய மஞ்சள் முன்மாதிரியில் காற்று புக மெல்லிய செதில் போன்ற திறப்புகளே இருந்தன. இயந்திரம் சூடேறியதால், விற்பனைக்கு வந்த காரில் விலாவில் ஆழமான காற்றுக் குழியும், பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் பெட்டி போன்ற காற்றுவாயும் சேர்க்கப்பட்டன. இத்தகைய சேர்க்கைகள் பெரும்பாலும் வடிவத்தைக் கெடுத்துவிடும். இங்கோ அவை முதலிலிருந்தே இருந்தவை போலப் பொருந்துகின்றன. கதவைத் திறக்கும் பொத்தானையும் அந்தக் குழிக்குள்ளேயே மறைத்திருப்பது மிக நேர்த்தியான வேலை.

மேல்நோக்கி எழும் கதவுகள் வெறும் பகட்டுக்காக வைக்கப்பட்டவை அல்ல. பின்பக்கம் சரியாகத் தெரியாத இந்தக் காரைப் பின்னோக்கி எடுக்கும்போது, ஓட்டுநர் கதவை உயர்த்திவிட்டு, அகன்ற வாசற்படியில் அமர்ந்து திரும்பிப் பார்த்தபடி ஓட்ட முடியும். அதே குறையைத் தீர்க்கத்தான், பின்னோக்குக் கண்ணாடிக்காகக் கூரையின் நடுவே ஒரு பள்ளமும் விடப்பட்டது.

உள்ளே போனால் வெளியழகுக்குக் கொடுத்த விலை புரிகிறது. உயர்ந்து அகன்ற வாசற்படியைத் தாண்டித்தான் தாழ்ந்த இருக்கையில் இறங்க வேண்டும். கியர்பெட்டியை மூடிய மேடு இருவரையும் பிரித்து நிற்கிறது. பக்கக் கண்ணாடியில் ஒரு சிறு பகுதி மட்டுமே திறப்பதால், சரிந்த முகப்புக் கண்ணாடி உள்ளே விடும் வெயிலுக்குக் காற்றோட்டம் போதவில்லை. ஆனாலும் நேர்க்கோடுகளால் ஆன பெட்டிக்குள் வரிசையாக அமைந்த வட்டமுள் மானிகளும், அலங்காரம் ஏதுமற்ற முகப்புப் பலகையும் வெளித்தோற்றத்தோடு ஒரே குரலில் பேசுகின்றன. வசதியில் குறைந்த மதிப்பெண்ணும், ஒருமைப்பாட்டில் முழு மதிப்பெண்ணும் தருவேன்.

1978இல் வந்த எல்பி400எஸ், பிரெல்லி பி7 அகல டயர்களுக்காக ஃபைபர் கிளாஸ் சக்கர வளைவுகளைச் சேர்த்தது. சாலைப் பிடிப்பு கூடியிருக்கலாம். ஆனால் அந்தத் துண்டுகள் காந்தினியின் தூய கோட்டை மறைத்துவிட்டன. விருப்பத் தேர்வாக வந்த பின்னிறக்கையோ காற்றுத் தடையைத்தான் கூட்டியது. எனவே கவுன்டாஷை நேரில் காணும் வாய்ப்பு அமைந்தால், இறக்கையும் ஒட்டு வளைவும் இல்லாத காரைத் தேடிச் சென்று, முதலில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.