பேக்கரி டீயும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தும்: ஓர் ஒளிபரப்புச் சந்தா பற்றி

பி.எஸ்.ஜி. கோப்பைக் கூடைப்பந்துப் போட்டிகளை நேரில் பார்த்து வளர்ந்த கோவைக்காரனான நான், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடக்க வாரங்களிலிருந்தே பின்தொடர விரும்பி, ஓர் இணைய ஒளிபரப்புச் சேவைக்குச் சந்தா கட்டினேன். நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவதால், கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் பீளமேட்டில் காலை 5.30 மணிக்கு வருகிறது. பேக்கரியில் முதல் டீ ஆற்றும் நேரம் அது.

படம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால், தவறவிட்ட ஆட்டத்தை மாலையில் பார்க்கலாம் என்று செயலியைத் திறந்தால், முகப்புப் படத்திலேயே இறுதிப் புள்ளிகளைப் போட்டுவிடுகிறார்கள். இதை என்னால் மன்னிக்க இயலவில்லை. பெரிய கல்லூரிகள் பணம் கொடுத்துச் சிறிய அணிகளை வரவழைத்து ஆடும் ஒருபக்க ஆட்டங்களே முதல் வாரங்களில் மிகுதி என்றாலும், அணி மாறி வந்த வீரர்கள் புதிய பயிற்சியாளருடன் எப்படிப் பொருந்துகிறார்கள் என்பதை அவற்றில்தான் காண முடிகிறது. மகளிர் ஆட்டங்களையும் இச்சேவை தருகிறது. ஆடவர் 20 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக ஆட, மகளிரோ நம்மூரைப் போலவே 10 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆடுவதால், எனக்கு அதுவே பழகிய தாளமாகத் தோன்றுகிறது. ஆண்டுச் சந்தாவுக்கு இன்னும் மாறவில்லை.