இரட்டை பிளேட் கிளட்ச்சுடன் மூன்று ஆண்டுகள்: சில்க் போர்டு முதல் சேலம் வரை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கி வரும்போது மேலுமலை ஏற்றத்தில்தான் பழைய கிளட்ச் முதன்முதலில் வழுக்கியது. ஐந்தாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். ஆர்பிஎம் முள் 2,500-இலிருந்து 3,500-க்குத் தாவியது. வண்டியின் வேகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. சிறிது நேரத்தில் கருகல் வாசனையும் வந்தது.

என்னுடையது 2011 மாடல் ஸ்கோடா லாரா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், ஆறு கியர் மேனுவல். நிறுவனம் கொடுத்த முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர். பெரிய டர்போவும் அதற்கேற்ற மென்பொருளும் போட்ட பிறகு டைனோவில், அதாவது என்ஜினின் திறனை அளக்கும் கருவியில், 390 வந்தது. பழைய கிளட்ச்சைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது சுமக்க வேண்டியதைப்போல ஒன்றரை மடங்கை நான் அதன் தலையில் ஏற்றியிருந்தேன். அதன் இடத்தில் இரட்டை பிளேட் கிளட்ச் ஒன்றைப் போட்டேன்.

பல பிளேட் கிளட்ச் என்றதும் பந்தயக் கார் சமாச்சாரம் என்று பலர் ஒதுங்குகிறார்கள். நம் வீட்டு மோட்டார் சைக்கிளில் இருப்பதும் பல பிளேட் கிளட்ச்தான். அது எண்ணெயில் மூழ்கி ஓடுகிறது, கார்களில் போடுவது பெரும்பாலும் உலர்ந்த வகை; வேறுபாடு அவ்வளவே. ஒரு பிளேட்டுக்கு உராயும் முகம் இரண்டு. இரண்டு பிளேட்டுக்கு நான்கு. அதே விட்டமும் அதே அழுத்தமும் இருந்தால் தாங்கும் முறுக்குவிசை இரு மடங்காகும். அல்லது, தேவையான பிடிமானத்தைக் குறைந்த ஸ்பிரிங் விசையிலேயே பெறலாம். என் பெடல் பழையதைவிடச் சற்றுத்தான் கனம். ஒற்றை பிளேட்டையே வைத்துக்கொண்டு அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை மட்டும் வலுவாக்கிய நண்பர் ஒருவரின் காரை ஓட்டிப் பார்த்தேன். ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டுவதற்குள் இடது முழங்கால் வலித்தது.

பிளேட்டுகளின் எண்ணிக்கையைவிட அவற்றில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள்தான் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. செராமிக் வகை ஸ்விட்ச் போட்டதுபோலப் பிடிக்கும். சிக்னலில் கிளம்பும்போது வண்டி குதிக்கும். நான் ஆர்கானிக் வகையை, நடுவில் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்குகள் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். இந்த ஒரு முடிவுதான் இன்றுவரை என்னைக் காப்பாற்றி வருகிறது. இறக்குமதித் தீர்வை, கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,70,000 ரூபாய் ஆனது.

பொருத்திய பட்டறையில் ஒரு பிழை நடந்தது. முதல் வாரத்திலேயே, வண்டி நிற்கும்போது முதல் கியரும் ரிவர்ஸும் கரகரவென்று முரண்டு பிடித்தன. அத்துடன் பெடலை அழுத்தினால் காலி டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். இரண்டுக்கும் காரணம், பெடலை அழுத்தும்போது கிளட்ச்சின் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்தான் என்று சொல்லி, கியர்பாக்ஸை இறக்கிப் புது பேரிங் போட்டார்கள். எதுவும் மாறவில்லை.

வில்சன் கார்டனில் தர்மபுரிக்காரர் ஒருவர் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் போனேன். என்ஜினை ஓடவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து, என்னை மூன்று முறை பெடலை அழுத்தச் சொன்னார். “சத்தம் வேறு, கரகரப்பு வேறு சார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள்” என்றார். பெடலை அழுத்தும்போது இரண்டு பிளேட்டுகளும் அவற்றுக்கு இடையிலுள்ள நடுத்தகடும் பிடி விட்டுத் தளர்ந்து ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. அது இந்த வகை கிளட்ச்சின் பிறவிக் குணம். பேரிங் கெட்டிருந்தால் சீரான முனகலாக வரும், ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் ஏறும். இந்தத் தட்டலோ சற்றே ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலே அடங்கிவிடும். கரகரப்பு மட்டுமே நோய். இரண்டு பிளேட்டுகளும் முழுமையாக விலக வேண்டுமானால் ரிலீஸ் பேரிங்கின் உயரம் துல்லியமாக இருக்க வேண்டும். முதல் பட்டறையில் யாரும் அதை அளக்கவே இல்லை.

மறுபடியும் கியர்பாக்ஸை இறக்கினார். அளந்து, பேரிங்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய வளையத்தை வைத்து மூடினார். அன்று மாலை ரிவர்ஸ் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது. “அண்ணா, அந்தச் சத்தம்?” என்று கேட்டேன். “அது இருக்கும் சார். பழகிக்கொள்ளுங்கள்” என்றார். பழகிவிட்டேன். என் குடியிருப்பின் காவலாளிதான் இன்னமும் வண்டியில் ஏதோ கழன்றிருப்பதாக எச்சரிக்கிறார்.

இன்னொரு சத்தமும் உண்டு. இது பெடலை விட்டபிறகு, நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து வருவது. ஃபிளைவீல் என்பது என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம். ஸ்பிரிங்கால் இணைந்த இரு பகுதிகள் கொண்ட பழைய இரட்டை நிறை ஃபிளைவீல் என்ஜினின் துடிப்பைத் தன்னுள்ளேயே விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் இடத்தில் ஒற்றை எஃகு ஃபிளைவீல் வந்ததும் அந்தத் துடிப்பு நேராகப் பற்சக்கரங்களுக்குப் போகிறது. ஆயில் சூடேறி இளகினால் சத்தம் கூடும். வாங்குமுன் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதில் உண்மையிலேயே வருத்தம்.

இனி பெங்களூரு நெரிசல். வீடு அல்சூரில், அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில். நடுவில், நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு. புதிய ஃபிளைவீல் லேசானது, அதில் சுழலும் ஆற்றலின் சேமிப்பு குறைவு. பெடலை விடும்போது ஆக்ஸிலரேட்டர் சற்றுக் குறைந்தாலும் என்ஜின் நின்றுவிடும். முதல் மாதம் அடித்தள வாகன நிறுத்தத்தின் சரிவில் என் மனைவிக்கு மூன்று முறை அப்படி நின்றது. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, “இதை நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள்” என்றாள். இரண்டு மாதம் தொடவே இல்லை.

அதைவிடப் பெரிய கவலை சூடு. அரை கிளட்ச்சில், அதாவது பெடலைப் பாதி விட்ட நிலையில், நகரும் ஒவ்வொரு நொடியும் உராய்வு வெப்பமாகிறது. இரண்டு பிளேட்டுகளுக்கு இடையே சிக்கிய நடுத்தகட்டுக்கு அந்த வெப்பத்தை வெளியேற்ற வழி குறைவு. சூடேறியதும் கிளட்ச் பிடிக்கும் இடம் காலடியில் நகர்வது தெரியும். அதனால் ஊர்வதையே விட்டுவிட்டேன். முன்னால் இரண்டு கார் நீளம் இடைவெளி விழும்வரை நியூட்ரலில் நிற்பேன். பிறகு முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை முழுமையாக விட்டு, ஐட்லிங்கிலேயே உருளவிடுவேன். அந்த இடைவெளியில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் நுழையத்தான் செய்யும், பின்னால் ஹாரன் அடிக்கத்தான் செய்யும். நுழையட்டும், அடிக்கட்டும்.

30,000 கிலோமீட்டரில் ஆயில் சீல் கசிந்ததால் கியர்பாக்ஸ் மீண்டும் இறங்கியது. அந்த வாய்ப்பில் பிளேட்டுகளை வெர்னியர் காலிப்பரில் அளந்தோம். ஒன்று 0.4 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது, மற்றது 0.7. நடுத்தகட்டின் ஒரு பக்கத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு நான்கைந்து இடங்களில் நீலம் பூத்திருந்தது. எஃகு அந்த நிறத்துக்கு வர ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். முதல் மாதங்களில் நான் ஊர்ந்த ஊர்தல்களின் தழும்பு அது. தகடு வளையவில்லை என்று கண்ணாடிமேல் வைத்துப் பார்த்து உறுதி செய்த பிறகே தர்மபுரிக்காரர் திரும்பப் பொருத்தினார்.

மாதம் ஒருமுறை சேலத்துக்குப் பெற்றோரைப் பார்க்கப் போகும்போது இத்தனை சிரமத்துக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியர் குறைக்கும்போது என்ஜின் சொன்ன நொடியில் எழுந்து வருகிறது. மேலுமலையில் ஐந்தாவது கியரில் முழுமையாக அழுத்துகிறேன். முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறுகின்றன.

என்ஜினை மாற்றாமல் ஓட்டுபவர்கள் இதன் பக்கம் வர வேண்டாம். நிறுவனத்தின் கிளட்ச்தான் உங்களுக்கு நல்லது. முறுக்குவிசை கூடி வழுக்கத் தொடங்கியிருந்தால் மட்டும், ஆர்கானிக் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கின் உயரத்தை அளந்து பொருத்தும் கையும் கிடைத்த பிறகு பணத்தை எடுங்கள். முதல் 800 கிலோமீட்டருக்கு நகருக்குள் மென்மையாக ஓட்டிப் படியவிடுங்கள்.

என் மனைவி போன தீபாவளிக்கு அத்திப்பள்ளி சுங்கச்சாவடியிலிருந்து சேலம் வரை தானே ஓட்டினாள். ஓமலூருக்கு முன் தேநீர்க் கடையில் நிறுத்தியபோது சாவியை என்னிடம் தரவில்லை.