நேவிஸ்வொர்க்ஸ் மேனேஜ்: மோதலைக் காட்டும், தீர்த்து வைக்காது

மருத்துவமனை நடைபாதையின் சீலிங்குக்கு மேலே எவ்வளவு இடம் கிடைக்கும் என்று ஒருமுறை கூட்டிக் கழித்தாலே இந்த மென்பொருள் எதற்கு என்பது புரிந்துவிடும். தளத்துக்குத் தளம் 4200 மி.மீ., ஃபால்ஸ் சீலிங் 2700-ல். மிச்சம் 1500. பீம் 600 என்றால் அதற்கடியில் 900. 400 உயர டக்டுக்கு (ஏசி காற்றுப் பாதை) மேலும் கீழும் 25 இன்சுலேஷன் சேர்த்தால் 450. 150 என்பி (பெயரளவு விட்டம்) குளிர்நீர்க் குழாயின் வெளிவிட்டம் 168, சுற்றிலும் 50 இன்சுலேஷன் வந்தால் 268. சீலிங் ஃப்ரேமுக்கும் விளக்குக்கும் 150. ஆக மொத்தம் 868. கையில் நிற்பது 32 மி.மீ. மேல்தளத்தின் டைல்ஸைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கேபிள் ட்ரே, ஸ்பிரிங்க்ளர், மெடிக்கல் கேஸ் எல்லாம் இனிமேல்தான் வர வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்கு 100-க்கு 1 சரிவு கொடுத்தால் 20 மீட்டர் ஓட்டத்தில் 200 மி.மீ. இறங்கிவிடும்.

இந்த இடத்துக்காக ஸ்ட்ரக்சர், ஏசி, பிளம்பிங், எலக்ட்ரிகல், ஃபயர் என்று ஒவ்வொரு அணியும் தனித்தனி மாடலில் வேலை செய்கிறது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எது எதை இடிக்கிறது என்று காட்டுவதுதான் நேவிஸ்வொர்க்ஸ். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவான இதை ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2007-ல் வாங்கியது. ஃப்ரீடம், சிமுலேட், மேனேஜ் என மூன்று வகை. ஃப்ரீடம் இலவசம், பார்க்க மட்டும். மோதலைக் கண்டுபிடிக்கும் கிளாஷ் டிடெக்டிவ் மேனேஜில் மட்டுமே உண்டு. கிளாஷ் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் சிமுலேட் பக்கம் போகவே வேண்டாம்.

முதலில் கோப்புகள். என்டபிள்யூசி என்பது கட்டட மாடலை வரையும் ரெவிட் மென்பொருளிலிருந்து எடுக்கும் நகல். என்டபிள்யூஎஃப்பில் வடிவம் எதுவும் இருக்காது, எந்தெந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற இணைப்பும் கிளாஷ் டெஸ்டுகளும் சேமித்த பார்வைக் கோணங்களான வியூபாயிண்டுகளும்தான் இருக்கும். என்டபிள்யூடி என்பது அன்றைய நிலையை உறையவைத்த ஒற்றைக் கோப்பு. அன்றாட வேலை என்டபிள்யூஎஃப்பில் நடக்க வேண்டும், வெளியே அனுப்புவது என்டபிள்யூடியாக இருக்க வேண்டும். பல அலுவலகங்களில் இது தலைகீழாக நடக்கிறது. வாராவாரம் புது என்டபிள்யூடியில் டெஸ்டைப் புதிதாகத் தொடங்கி, போன வாரக் குறிப்புகள் அத்தனையையும் தொலைக்கிறார்கள். இன்னொரு வழக்கமான தவறு, என்டபிள்யூசியின் பெயரிலேயே ஆர்01, ஆர்02 என்று ரிவிஷன் எண் போடுவது. பெயர் மாறினால் இணைப்பு அறுந்துவிடும். பெயரை மாற்றாமல் பழையதன் மேலேயே எழுதுங்கள். பழைய பதிப்புகளைத் தேதி போட்ட தனி ஃபோல்டரில் வையுங்கள்.

ரெவிட் கோப்பை நேரடியாகத் திறக்கவும் முடியும். ஆனால் பெரிய மாடலில் அது காத்திருப்பிலேயே முடியும். என்டபிள்யூசியை எடுத்துத் தரும் எக்ஸ்போர்ட்டர் இலவசம், ரெவிட் பதிப்புக்கு ஏற்றதை நிறுவ வேண்டும். ஏற்றுமதிக்கென்றே ஒரு 3டி வியூ வைத்து, அதில் தளபாடம், நிலத்தோற்றம், மனித உருவங்களை அணைத்துவிட்டால் கோப்பு நன்றாக இளைக்கும். அமைப்புகளில் கட்டாயம் பார்க்க வேண்டியது கோஆர்டினேட்ஸ். எல்லா அணியும் ஷேர்டு (அனைவருக்கும் பொதுவான தொடக்கப் புள்ளி) என்றால் ஷேர்டு, இன்டர்னல் (மாடலின் சொந்தத் தொடக்கப் புள்ளி) என்றால் இன்டர்னல். ஒருவர் மட்டும் மாறினாலும் அவருடைய தளம் எங்கோ வெட்டவெளியில் தொங்கும். சென்னை மனைக்கு யுடிஎம் என்ற உலக வரைபடக் கட்டத்தின் 44 வடக்கு மண்டலத்தில் சர்வே எண்கள் கிழக்கில் 4 லட்சம் மீட்டரையும் வடக்கில் 14 லட்சம் மீட்டரையும் தாண்டும். அந்த எண்களை ஷேர்டு கோஆர்டினேட்டாகக் கொடுக்காமல் கட்டடத்தையே தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தால் ரெவிட்டில் கோடுகள் உடைந்து தெரியும், புள்ளியோடு புள்ளியை ஒட்டவைக்கும் ஸ்நாப் சரியாகப் பிடிக்காது. ஆட்டோகேடிலிருந்து வரும் கோப்புகளில் வேறு தொல்லை: மில்லிமீட்டரில் வரைந்தது மீட்டராகப் படிக்கப்பட்டு ஆயிரம் மடங்கு ஊதிவிடும். கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்து யூனிட்ஸ் அண்ட் டிரான்ஸ்ஃபார்மில் திருத்தலாம்.

கிளாஷ் டிடெக்டிவுக்கு வருவோம். காசு கொடுப்பது இதற்குத்தான். அதற்குக் குறை வைக்கவில்லை. ஹார்டு, ஹார்டு கன்சர்வேட்டிவ், கிளியரன்ஸ் (இடைவெளி போதுமா), டூப்ளிகேட்ஸ் (ஒரே பொருள் இருமுறை இருக்கிறதா) என நான்கு வகை டெஸ்ட். சாதாரண ஹார்டு டெஸ்ட் முக்கோணப் பரப்புகள் ஒன்றையொன்று வெட்டுகின்றனவா என்றுதான் பார்க்கிறது. அதனால் ஒரே கோட்டில் ஓடும் இரண்டு குழாய்களின் முனைகள் லேசாக ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால் தப்பிவிடலாம். கன்சர்வேட்டிவ் அதையும் பிடிக்கும், கூடவே பொய்யான மோதல்களையும் அள்ளிக் கொண்டு வரும். பீமுக்கும் டக்டுக்கும் ஹார்டு போதும். ஒரே தடத்தில் பல குழாய்கள் செல்லும் பிளான்ட் ரூமுக்கு ஒருமுறையாவது கன்சர்வேட்டிவ் ஓட்டிப் பாருங்கள்.

எவ்வளவு ஊடுருவல்வரை கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லும் டாலரன்ஸை எல்லோரும் ஒரே எண்ணில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஸ்டீல் பீமுக்கு எதிராக 10 மி.மீ. நியாயம். இன்சுலேஷனுக்கு எதிராக இன்சுலேஷன் என்றால் 25 வரை விட்டுக்கொடுக்கலாம், சைட்டில் நசுங்கும். கிளியரன்ஸ் டெஸ்டில் ஒரு பொறி இருக்கிறது: தூரத்தை எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பார்க்கும். சுவிட்ச்போர்டுக்கு முன்னால் 1 மீட்டர் காலியிடம் வேண்டும் என்பது இந்திய மின்பாதுகாப்பு விதி. அதற்கு 1000 மி.மீ. கிளியரன்ஸ் வைத்தால் போர்டு சாய்ந்து நிற்கும் சுவர்கூடக் குற்றவாளியாகிவிடும். போர்டின் ரெவிட் ஃபேமிலிக்குள்ளேயே (அந்தப் பொருளின் மூல வடிவம்) முன்பக்கம் மட்டும் கண்ணாடி போன்ற ஒரு வெற்றுப் பெட்டியை வரைந்து, அதை ஹார்டு டெஸ்டில் சேர்ப்பதே சரியான வழி. ஏசி காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் விஏவி பெட்டியின் சர்வீஸ் கதவுக்கும் கேபிள் ட்ரேயில் கை நுழையும் இடத்துக்கும் இதே உத்தி.

டெஸ்டுக்கு எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் அனுபவசாலி யார் என்று தெரியும். பொருள்களைச் சுட்டிச் சுட்டிச் சேர்க்கும் செலக்‌ஷன் செட், அடுத்த வாரம் புதிதாக வந்த குழாயைக் கண்டுகொள்ளாது. கேட்டகரி, சிஸ்டம் பெயர் போன்ற பண்புகளை வைத்துத் தேடும் சர்ச் செட் கண்டுகொள்ளும். சர்ச் செட்டையும் டெஸ்டையும் எக்ஸ்எம்எல்லாக எடுத்து அடுத்த புராஜெக்டில் அப்படியே இறக்கலாம். ஆனால் எல்லா அணியும் சிஸ்டம் பெயரை ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும். ஒருவர் 'சப்ளை ஏர்' என்றும் இன்னொருவர் 'எஸ்ஏ' என்றும் எழுதினால் பாதி டக்ட் டெஸ்டுக்குள்ளேயே வராது. முடிவில் மோதல் குறைந்துவிட்டதாக மகிழ்ச்சி வேறு!

இனிக் குறைகள். ஒரு டக்ட் நான்கு பீமைக் கடந்தால் டக்டுக்கு நான்கு, அதன் இன்சுலேஷனுக்கு நான்கு, ஆக எட்டு மோதல். உண்மையில் பிரச்சினை ஒன்றுதான்: டக்டைக் கீழே இறக்க வேண்டும். இதை ஒரே குழுவாக்கும் வேலையை மென்பொருள் தானாகச் செய்வதில்லை. கையால் செய்ய வேண்டும், அல்லது கிரிட், தளம் வாரியாகக் குழுவாக்கும் செருகுநிரலை நாட வேண்டும். ஆயிரக்கணக்கில் மோதல் எண்ணிக்கையைப் போட்டுக் கூட்டத்தில் பயமுறுத்தும் அறிக்கைகள் பெரும்பாலும் குழுவாக்காதவை. அவற்றை நம்ப வேண்டியதில்லை.

நிலைக்குறிப்புகளிலும் கவனம் தேவை. நியூ, ஆக்டிவ், ரிவ்யூடு, அப்ரூவ்டு, ரிசால்வ்டு என ஐந்து. மறுபடி ஓட்டும்போது காணாமல் போனது ரிசால்வ்டு ஆகிவிடும். ரெவிட்டில் டக்டை நகர்த்தாமல் அழித்துவிட்டு அதே இடத்தில் புதிதாக வரைந்தால் ஐடி மாறிவிடும். பழைய மோதல் தீர்ந்ததாகவும் அதே மோதல் நியூவாகவும் வரும், அதில் எழுதிய குறிப்புகள் பழையதோடு போய்விடும். அழித்து வரையாதீர்கள், இழுத்து நகர்த்துங்கள் என்று மாடலர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. அப்ரூவ்டு என்று குறித்ததை மாதம் ஒருமுறை திரும்பத் திறந்து பார்ப்பதும் அவசியம்.

யார் திருத்த வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற பின்தொடர்தலில் இது பலவீனம். பிசிஎஃப் என்ற பொதுக் கோப்பு வடிவில் பிரச்சினைகளை மற்ற மென்பொருள்களோடு பரிமாற வெளிச் செருகுநிரல் வேண்டும். ரெவிஸ்டோ என்ற மென்பொருள் இந்த ஒரு விஷயத்தில் நிச்சயம் மேல். ஐஎஃப்சி என்ற பொது மாடல் வடிவின் அடிப்படையில் விதிகளை வைத்து மாடலின் தரத்தையே சோதிக்க சொலிப்ரி என்ற மென்பொருள் மேல். அங்கே கதவின் அகலம் போதுமா என்றுகூடக் கேட்கலாம். நேவிஸ்வொர்க்ஸின் பலம், எந்த மென்பொருளில் வரைந்த கோப்பானாலும் பெரும்பாலும் திறந்துவிடும். லேசர் ஸ்கேனில் கிடைக்கும் புள்ளிக் கூட்டமான பாயிண்ட் கிளவுடையும் கிளியரன்ஸ் டெஸ்டில் சேர்க்கலாம் என்பதால் பழைய கட்டடச் சீரமைப்புக்கு இது தனி வசதி. மோதிய பொருளிலிருந்து நேராக ரெவிட்டில் அதே பொருளுக்குத் தாவும் ஸ்விட்ச்பேக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கட்டும் வரிசையை மாடலில் ஓட்டிக் காட்டும் டைம்லைனரை வெறும் படம் காட்டும் கருவி என்று ஒதுக்குபவர்கள் அமெரிக்காவில் 2011-ல் வெளிச்சத்துக்கு வந்த வழக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தின் உயிர் அறிவியல் கட்டடம். சீலிங்குக்கு மேலே எல்லாமே மாடலில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஆனால் குறிப்பிட்ட வரிசையில் பொருத்தினால்தான் பொருந்தும் என்பதை வடிவமைப்பாளர்கள் ஒப்பந்ததாரரிடம் சொல்லவில்லை. சுமார் 70 சதவீத வேலை முடிந்த நிலையில் இடம் தீர்ந்துவிட்டது. கிளாஷ் டெஸ்ட் பூஜ்யம் என்பது கடைசி நிலைக்குத்தான் உத்தரவாதம், போகும் வழிக்கு அல்ல. நெருக்கமான நடைபாதைகளுக்கு மட்டுமாவது பிரைமவெரா அல்லது எம்எஸ் புராஜெக்டில் போட்ட வேலை அட்டவணையை இணைத்து, எது முதலில் ஏறுகிறது என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். டாஸ்க் பெயரும் செட் பெயரும் ஒன்றாக இருந்தால் இணைப்பு தானாக நடக்கும்.

குவான்டிஃபிகேஷன் பகுதியில் அளவெடுக்கலாம், பில் போட அதை நம்ப வேண்டாம். மேக்கில் ஓடாது.

வாங்கும் விதம்: ரெவிட், சிவில் 3டி எல்லாம் அடங்கிய ஏஇசி கலெக்‌ஷன் சந்தா ஏற்கெனவே இருந்தால் மேனேஜ் அதிலேயே வந்துவிடும், தனியாகக் கேட்காதீர்கள். தனியாக வாங்குவதென்றால் மாடல்களை ஒருங்கிணைக்கும் கோஆர்டினேட்டருக்கு ஒன்று, அவர் விடுப்பில் போனால் பார்ப்பவருக்கு ஒன்று. மற்ற அணிகளுக்கும் சைட் இன்ஜினியர்களுக்கும் ஃப்ரீடம் போதும். என்டபிள்யூடியாகப் பப்ளிஷ் செய்யும்போது பாஸ்வேர்டும் காலாவதித் தேதியும் போடும் வசதி இருக்கிறது. அடுத்த கூட்டத் தேதியையே காலாவதியாகப் போட்டுவிட்டால் பழைய மாடலைப் பார்த்து யாரும் சுவரில் ஓட்டை போட மாட்டார்கள்.