டெலி மானஸா, ஜிப்மர் ஓ.பி.யா, வாரம் ஒருநாள் கவுன்சிலிங்கா?

போன வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மனசு சரியில்லாமல் போனது. அக்கா மகனுக்கு 23 வயது. சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். அப்பாவுக்கு 71, அம்மா போன பிறகு சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. இருவருக்கும் ஒரே வழி சரிப்படும் என்று நான் நினைத்தது தப்பு.

முதலில் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ராத்திரி ஒரு மணிக்கு, யார் கண்ணிலும் படாமல் பேச முடிந்தது பையனுக்குப் பெரிய ஆறுதல். அப்பாவோ, "முகம் தெரியாதவங்ககிட்ட என்னத்தம்மா சொல்றது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பையனுக்கு அடுத்து உதவியது புதுச்சேரியில் வாராந்திர கவுன்சிலிங். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் வகுத்த சி.பி.டி. முறை, அதாவது நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. 'இனி எனக்கு எதுவும் அமையாது' என்ற நினைப்புக்கு என்ன ஆதாரம் என்று நோட்டில் எழுத வைத்தார்கள். கைக்காசுதான் செலவு, ஆனால் பலன் தெரிந்தது.

அப்பாவுக்கு ஜிப்மர் ஓ.பி.தான் (புதுச்சேரியில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவு) முதலில் என்பேன். விடிகாலை பஸ், நீண்ட வரிசை, டாக்டரிடம் கொஞ்ச நேரப் பேச்சு, இவை குறைதான். ஆனாலும் வயதானவர்களுக்குத் தைராய்டு கோளாறும் வைட்டமின் பி12 குறைவும் அதே சோர்வைத் தரும். மனச்சோர்வே மறதிநோய் போலத் தோன்றுவதும் உண்டு. ரத்தப் பரிசோதனை இல்லாமல் பேச்சு சிகிச்சையில் இறங்குவது சரியில்லை. மனச்சோர்வுக்கு டாக்டர் தரும் மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், அவரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தக்கூடாது.

அதன் பிறகுதான் பேச்சு. அமெரிக்க முதியோர் நல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய 'வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தல்' முறை அவருக்குப் பொருந்தியது. 2011 டிசம்பர் 30, தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரித் தோப்பு அடியோடு சாய்ந்ததையும், மறுபடி கன்று வைத்ததையும் வாரக்கணக்கில் சொன்னார். அதில் அம்மா எங்கெங்கே நின்றாள் என்று சொல்லும்போது முதல்முறையாக அழுதார். அன்று ராத்திரி சாப்பிட்டார்.

சாகணும் என்ற பேச்சு வந்தால், எந்த வயதானாலும், இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம். ஆளைத் தனியே விடாமல் அன்றைக்கே பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.