கல் அறுக்கும் பட்டறைத் தூசுக்கு எது சரி: தண்ணீரா, உறிஞ்சியா, முகக்கவசமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதியான பீனிக்ஸில் நாங்கள் நடத்தும் சமையல் மேடைக் கற்பலகைப் பட்டறையில், கல்லைத் தண்ணீரின்றி உலர்வாக அறுக்கும் கிரைண்டரை ஒதுக்கிவிட்டு, தண்ணீர் பாய்ச்சி அறுக்கும் முறைக்கு மாறியிருக்கிறோம். வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்கும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா எனும் கனிமம் 90 விழுக்காட்டையும் தாண்டக்கூடும்; ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அதை அடியோடு தடைசெய்தது. அந்தத் தூசு தரும் சிலிக்கோசிஸ் எனும் நுரையீரல் நோய்க்கு மருந்தில்லை என்பதும், காசநோய்க்கு அது வழிவிடும் என்பதும் தங்கச் சுரங்கங்களைக் கண்ட இந்நாட்டில் யாருக்கும் புதிய செய்தியன்று.

முகக்கவசம் மலிவானது. எஃப்எஃப்பி2 வகை 94 விழுக்காட்டுத் தூசை வடிகட்டும் என்றாலும், அது முகத்தோடு ஒட்டி நின்றால்தான். தாடி வைத்தவருக்கு ஓரத்தில் காற்று புகுந்துவிடும், பிப்ரவரிப் புழுக்கத்திலோ பாதி நேரம் அது கழுத்தில்தான் தொங்கும். (அதன் விலையைக் கூலியில் பிடிக்க 1993ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை.) பக்கத்து அறையில் கணக்கு எழுதுபவரை அது காப்பதுமில்லை.

கிரைண்டரின் மூடியோடு இணைக்கும் தூசு உறிஞ்சி இதைவிட மேல். ‘எம்’ (M) எனும் தர வகை உறிஞ்சி 99.9 விழுக்காட்டைப் பிடித்துவைக்கும். வாடிக்கையாளர் வீட்டுக்குள் துளையிடும்போது மட்டும் அதை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறோம். ஆகவே நீண்டகாலச் செலவைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. மின்வெட்டு வந்தால் அது நின்றுவிடும் என்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், ஏனெனில் மின்சார கிரைண்டரும் அதனுடன் நின்றுவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். உறிஞ்சியின் வடிகட்டி அடைத்துக்கொண்டால் இழுவை சிறிது சிறிதாகக் குறையும், வேலை செய்பவர் கண்ணுக்கு அது தெரியாது. பொறுமையிழந்து வடிகட்டியைச் சுவரில் தட்டிச் சுத்தம் செய்தால், அதுவரை பிடித்த தூசெல்லாம் ஒரே நொடியில் மூச்சில் கலந்துவிடும். தண்ணீர் முறையில் பழுது மறைவதில்லை: குழாய் அடைத்தால் அறுக்கும் அலகின் ஓரத்தில் வெண்புகை கிளம்பும், உடனே கை நிற்கும். ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. தரையில் படியும் சாம்பல் நிறச் சேற்றை ஈரம் காய்வதற்குள் வழித்து மூடிய வாளியில் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் மறுநாள் காலை நடக்கும் கால்களே அதை மாவாகக் கிளப்பும். தோல் மேலாடையின் மடிப்புகளையும் அன்றாடம் கழுவியாக வேண்டும். மறுசுழற்சித் தொட்டியைத் தெளியவிடாமல் பயன்படுத்தினால் நீர்த்திவலையிலேயே சிலிக்கா பறக்கும் என்பதால், முகக்கவசத்தையும் நாங்கள் கைவிடவில்லை. தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடமாதலால், காற்றழுத்தத்தில் ஓடும் கிரைண்டர்களையே வாங்கினோம். கம்பிரசருக்கான செலவுதான் இதில் கடித்தது.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் ஊர் மக்கள் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீரின்றித் தவித்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே சேமிப்புத் தொட்டி ஒன்றையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். அதுவும் வற்றிய நாளில் நாங்கள் அறுப்பதில்லை, மெருகேற்றி முடித்த பலகைகளைப் பொருத்தப் போய்விடுகிறோம்.