தையல் கடைக்கு ஒரு குறுஞ்செய்திச் சேவை: ஓராண்டு அனுபவம்

கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை தயாரானதைத் தெரிவிக்க, மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து ஓராண்டாகிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி கடையின் பெயர், அனுப்புநர் தலைப்பு (செய்தியை அனுப்பியவராகத் திரையில் தெரியும் குறுகிய பெயர்), செய்தியின் வாசகம் எல்லாவற்றையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் ‘டிஎல்டி’ என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். குறுஞ்செய்தி நிறுவனத்தின் ஊழியர் பொறுமையாகக் கூடவே இருந்து முடித்துக் கொடுத்தார். மனமார்ந்த நன்றி.

கட்டணத்தில்தான் வருத்தம். ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரே செய்தி; தமிழில் 70 தான். அதிலும் ‘துணி’ நமக்கு இரண்டெழுத்து, அவர்கள் கணக்கில் நான்கு: உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. சேரும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா? முதல் மாதம் ஒவ்வொரு செய்திக்கும் இரட்டைக் கட்டணம் கட்டினேன்.

தீபாவளிக்கு முன்பு, பதிந்த வாசகத்தில் ‘நாளை’ என்ற ஒரே சொல்லைச் சேர்த்தேன். திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தது. ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. வாசகம் மாறினால் தடுப்பது விதி, அது சரியே. ஆனால் தடுக்கப்பட்டதை எனக்குத் தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். சேருபவர்கள் முதலில் தங்கள் எண்ணுக்கே ஒன்று அனுப்பிப் பாருங்கள். சலுகைச் செய்தியென்றால், வாடிக்கையாளரிடம் சம்மதம் கேட்காமல் அனுப்பாதீர்கள்.