பருத்தி என்று சொல்லி விற்கப்பட்ட குழந்தை நூல்: ஓர் எச்சரிக்கை

கைக்குழந்தைகளுக்குப் போர்வை, தொப்பி, காலுறை பின்னுவதற்காக ‘மில்க் காட்டன்’ என்ற பெயரில் இணையத்தில் நூல் வாங்கும் தாய்மார்கள், முதல் கண்ணியைப் போடுவதற்கு முன் அந்த நூலில் ஒரு விரல் நீளம் வெட்டி விளக்குச் சுடரில் காட்டிப் பார்த்துவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் ஆறு வாரங்கள் பின்னினேன். 2,520 ரூபாய் போனது. அதைவிட, என் அண்ணன் மகளுக்கென்று இரவு இரவாகக் கண்விழித்துப் பின்னிய போர்வையை அவளுக்குக் கொடுக்க முடியாமல் போனது. பச்சைக்குழந்தையை வைத்திருக்கும் இன்னொருத்தி இதே நூலை வாங்கிவிடக் கூடாது என்பதற்காக, நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

என் மகன் பிறந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தபோது அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டில் தொட்டிலிடும் நாளன்று அத்தைதான் குழந்தையைத் தொட்டிலில் கிடத்திக் காதில் பெயர் சொல்ல வேண்டும். அந்த நாளுக்குக் கடையில் வாங்கிய பொருளைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. கையால் பின்னிய பருத்திப் போர்வை ஒன்றைக் கொடுக்க விரும்பினேன். நாங்கள் இருப்பது கரூரில். படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் சமையலறைத் துணியும் நெய்து உலகெங்கும் அனுப்புகிற ஊர் இது என்றாலும், இங்கே கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் தறிக்கான மெல்லிய நூல்தான். கைப்பின்னலுக்கு ஏற்ற, பல இழைகளை முறுக்கிய பருமனான நூலைத் தேடிக் கடை கடையாக அலைவதற்குக் கைக்குழந்தை இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் கைப்பேசியில் தேடினேன்.

சமூக ஊடகத்தில் நான் கண்ட அந்த விற்பனைப் பக்கம் பார்ப்பதற்கு மிகவும் நேர்த்தியாக இருந்தது. தூங்கும் குழந்தைகளின் படங்கள், ‘நூறு விழுக்காடு மில்க் காட்டன், பிறந்த குழந்தையின் தோலுக்கு உகந்தது’ என்ற வாசகம், காட்ஸ் (இயற்கை வேளாண் இழைக்கானது), ஓகோ-டெக்ஸ் (தீங்கான வேதிப்பொருள்களுக்காகச் சோதிக்கப்பட்டதற்கானது) ஆகிய சான்றுகளின் முத்திரைகள் என எல்லாம் இருந்தன. 50 கிராம் உருண்டை ஒன்றின் விலை 180 ரூபாய். வெண்ணெய் நிறத்தில் பன்னிரண்டும் கரைக்குச் சிவப்பில் இரண்டுமாகப் பதினான்கு உருண்டைகளுக்கு யுபிஐ வழியாக முன்பணம் செலுத்தினேன். “இது பருத்திதானே?” என்று செய்தியில் கேட்டதற்கு, “ஆமாம் மேடம், காட்டன்தான்” என்று பதில் வந்தது. அந்தச் செய்தியை நான் அழிக்காமல் வைத்திருந்தது பின்னால் உதவியது.

ஒன்பதாம் நாள் பொட்டலம் வந்தது. தொட்டதும் நூல் பூப்போல மெத்தென்று இருந்தது. அந்த மென்மையே என்னை ஏமாற்றியது என்று இப்போது தோன்றுகிறது. ஒவ்வோர் உருண்டையையும் சுற்றியிருந்த காகிதப் பட்டையில் அழகான பெயர் மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. எடை, அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் முகவரி, சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல் எது என்று காட்டுவது) ஆகிய எதுவும் இல்லை. அந்தப் பட்டையைப் பார்த்தபோதே நான் நின்றிருக்க வேண்டும்.

நான்கு மில்லிமீட்டர் ஊசியில் 198 கண்ணிகள் போட்டுத் தொடங்கினேன். நான்கு பக்கமும் 90 சென்டிமீட்டர் வரவேண்டும் என்றால் ஏறத்தாழ 360 வரிசைகள், அதாவது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள். பகலில் சமையல், துணி, குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், வந்து போகும் உறவினர் என்று ஊசியைத் தொடக்கூட நேரம் இருக்காது. பத்தரை மணிக்குப் பால் குடித்துவிட்டு மகன் தூங்கினால் ஒரு மணிவரை எழ மாட்டான். அந்த இடைவெளியில் நாளொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது வரிசைகள் ஓடும். பேறுகாலத்துக்குப் பிறகு என் மனம் தேறியது அந்த வேளையில்தான் என்று சொன்னால் பிள்ளை பெற்றவர்களுக்குப் புரியும். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கையில் ஒரு வேலை வளர்ந்துகொண்டிருக்கிறது, அது ஒரு குழந்தைக்கானது என்ற எண்ணமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

தொட்டிலிடும் நாளுக்கு இரண்டு நாட்களுக்கு முன், அக்கினி நட்சத்திர வெயிலில், போர்வையை அலசுவதற்காகத் தண்ணீரில் போட்டேன். பருத்தித் துணியானால் உடனே நீரைக் குடித்து அடியில் அமிழ்ந்துவிடும். இது வெகுநேரம் மிதந்தது. கையால் அமுக்கி நனைத்தபோது சிவப்புக் கரையிலிருந்து சாயம் இறங்கி, வெண்ணெய் நிறத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ரோஜா நிறக் கறை பரவியது. நிழலில் விரித்ததும், பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த மகனின் பருத்தி இடுப்புத்துணிகள் ஈரமாக இருக்கும்போதே, அவற்றைவிடப் பல மடங்கு கனமான இந்தப் போர்வை உலர்ந்துவிட்டது. எனக்குக் கறையைப் பற்றிய கவலைதான் பெரிதாக இருந்தது. என் அம்மாதான் போர்வையின் ஓரத்தை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது பஞ்சு நூலே இல்லை கண்ணு” என்றார்கள். திருமணத்துக்கு முன் ஏழு ஆண்டுகள் நூற்பாலையில் வேலை செய்தவர்கள் அவர்கள்.

மிச்சமிருந்த உருண்டையிலிருந்து ஒரு துண்டும், அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து உருவிய ஓர் இழையும் எடுத்து, குழந்தைகளை உள்ளறையில் விட்டுவிட்டு, ஒரு தட்டின் மேல் இடுக்கியில் பிடித்து அகல்விளக்கில் காட்டினார்கள். வேட்டி இழை காகிதம் எரிவதுபோல் எரிந்து, ஊதினால் பறந்துவிடும் சாம்பலானது. என் நூலோ சுருண்டு உருகி, கரும்புகையோடு கொழுந்துவிட்டு எரிந்தது. சுடரிலிருந்து விலக்கிய பிறகும் அணையவில்லை. ஆறியபின் நுனியில் நகத்தால் நசுக்க முடியாத கறுப்புக் குமிழ் ஒன்று இருந்தது. அது செயற்கை இழை, பார்த்த அடையாளங்களின்படி அக்ரிலிக். பருத்தி கலந்திருந்தால் சாம்பலும் குமிழும் சேர்ந்தே வரும் என்று அம்மா சொன்னார்கள்; இதில் சாம்பலே இல்லை.

அக்ரிலிக் நூலே கூடாது என்பது என் வாதமல்ல. அது மலிவானது, துவைக்க எளிது. அக்ரிலிக் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பருத்தி என்று நம்பி வாங்குபவள் அதைப் பருத்தியைப் போலவே பயன்படுத்துவாள் அல்லவா? எங்கள் பக்கத்தில் குழந்தையைக் குளிப்பாட்டியதும் துணியில் சுற்றி, தணல் நிறைந்த தூபக்காலிலிருந்து எழும் சாம்பிராணிப் புகையில் காட்டுகிறோம். புகை குழந்தைக்கு நல்லதல்ல என்று மருத்துவர்கள் சொல்லியும் பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. அந்த நேரத்தில் ஒரு பொறி பறந்து இந்தப் போர்வையில் விழுந்திருந்தால், இழை உருகிக் குழந்தையின் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதை நினைத்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. வெயில் காலத் துன்பம் தனி. பருத்தி இயல்பான காற்றிலேயே தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். அக்ரிலிக் ஏற்பது 2 விழுக்காடு அளவே. வியர்வையை உறிஞ்சாத துணியில் மே மாதத்துக் குழந்தையைச் சுற்றினால் வேர்க்குருவுக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

‘மில்க் காட்டன்’ என்ற பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலில் உள்ள கேசீன் என்னும் புரதத்திலிருந்து இழை எடுக்கும் முறை உண்மையானதுதான். 1930களில் இத்தாலியில் அந்தோனியோ ஃபெரெட்டி என்பவர் உருவாக்கிய அத்தகைய இழை லானிடல் என்ற பெயரில் விற்கப்பட்டது. இன்று பால் இழை எனப்படுவது பெரும்பாலும் அந்தப் புரதத்தை அக்ரிலோநைட்ரைலுடன், அதாவது அக்ரிலிக் இழையின் மூலப்பொருளுடன், இணைத்துச் செய்யப்படுவது. ஆகவே, அந்தப் பெயரில் வரும் நூல் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்ததாக இருக்கலாம். என்னுடையதைப் போலப் பருத்தியே இல்லாததாகவும் இருக்கலாம். பாலும் பஞ்சும் சேர்ந்த அந்தப் பெயர், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் காதில் எவ்வளவு இதமாக ஒலிக்கும் என்பதை அறிந்தே இதை விற்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

எரித்த நூலின் படத்தோடு விற்பனையாளருக்கு எழுதினேன். முதலில், “மேடம், இது காட்டன் அல்ல, மில்க் காட்டன்” என்றார்கள். அவர்களுடைய பழைய பதிலை எடுத்துக் காட்டியதும், பட்டையைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க இயலாது என்றார்கள். பிரிக்காமல் வைத்திருந்த ஓர் உருண்டையை அண்டை வீட்டுச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். 42 கிராம்தான் இருந்தது. எல்லா உருண்டைகளும் அப்படியே இருந்திருந்தால், பதினான்கில் இரண்டு உருண்டைக்கும் மேற்பட்ட நூல் எனக்கு வரவேயில்லை. இதையும் எழுதியபோது என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

மறுநாள் வேறோர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பக்கத்தின் வாடிக்கையாளர் சேவை என்று அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர், பணத்தைத் திருப்பித் தருவதற்காக ஒரு க்யூஆர் குறியீடு அனுப்புவதாகவும், அதை ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணை இட்டால் 2,520 ரூபாய் வந்துவிடும் என்றும் மிகப் பணிவாகப் பேசினார். மகன் தோளில் அழுதுகொண்டிருந்தான். எப்படியாவது முடிந்தால் போதும் என்ற களைப்பில் நான் ஸ்கேன் செய்தேவிட்டேன். திரையில் ‘செலுத்து’ என்ற சொல்லைக் கண்டு நிறுத்தினேன். பணம் பெறுவதற்கு ஒருபோதும் பின் எண் தேவையில்லை. பின் எண்ணை இட்டுப் பணம் பறிபோயிருந்தால், உடனடியாக 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கிவைக்கும் வாய்ப்புக் குறையும்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். விற்பனையாளரின் முகவரியைக் கேட்டார்கள். இங்கேதான் என் பெருந்தவறு இருக்கிறது: கூரியர் பொட்டலத்தின் மேல் அனுப்புநர் முகவரி இருந்திருக்கும், அந்த உறையை அன்றே குப்பையில் போட்டுவிட்டேன். பணம் செலுத்திய யுபிஐ அடையாளம், கைப்பேசி எண், செய்திகளின் படங்கள் ஆகியவற்றை மட்டுமே கொடுக்க முடிந்தது. நூலைப் பயன்படுத்தி முடிக்கும் வரை உறையையும் பட்டையையும் எறியாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் எங்கிருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. எடையும் முகவரியும் விலையும் இல்லாத பொட்டலத்தை விற்பதே 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளுக்கு மாறானது என்பதையும் புகாரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நான் நூல் வாங்கும்போது முதலில் ஓர் உருண்டை மட்டுமே வாங்குவேன். இழைகளின் விழுக்காட்டை எழுத்தில் கேட்பேன். ‘மென்மையானது’, ‘குழந்தைக்கு உகந்தது’ போன்ற பதில்களை ஏற்க மாட்டேன். சான்று முத்திரை இருந்தால் அதன் எண்ணைக் கேட்டு, அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் சரிபார்ப்பேன். ஓகோ-டெக்ஸில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொருள்கள் முதல் வகுப்பைச் சேர்ந்தவை. எண் இல்லாத முத்திரை வெறும் படம்தான். வந்ததும் எடை போட்டு, நீரில் போட்டு, நனைத்த நூலை வெள்ளைத் துணியில் ஓரிரவு சுற்றிவைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்து, கடைசியாகச் சுடரிலும் காட்டுவேன். பத்து நிமிட வேலையும் ஓர் இரவுக் காத்திருப்பும்தான். நான் இழந்தது நாற்பது இரவுகள்.

தொட்டிலிடும் நாளன்று அண்ணியிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “குழந்தை எங்கே போய்விடப் போகிறாள், மெதுவாகப் பின்னிக் கொடுங்கள்” என்றார். அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையைத் தொட்டிலில் விரித்து, என் மருமகளை அதில் கிடத்திப் பெயர் சொன்னேன். புகாருக்கு எண் கிடைத்திருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. கறைபட்ட போர்வையும் மிச்ச உருண்டையும் எரிந்த நூலை ஒட்டிய வெள்ளைத்தாளும் ஓர் உறையிலிட்டுப் பீரோவில் இருக்கின்றன. மாவட்ட ஆணையத்துக்கான மனுவை அடுத்த வாரம் கொடுக்கிறேன். சோதித்துப் பார்த்து வாங்கிய பருத்தி நூலில் மறுபடி 198 கண்ணிகள் போட்டு, நேற்றிரவுவரை இருபத்திரண்டு வரிசைகள் பின்னியிருக்கிறேன்.